அம்மாவின் ஊமைக் கட்டைகள்

எங்கள் அம்மா வாசித்த ஆர்மோனியப் பெட்டியில் இரண்டு கட்டைகள் ஊமை. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை, அதை ஒட்டி ஒரு கறுப்புக் கட்டை. அழுத்தினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வரும். எலி கடித்த துருத்தியில் அப்பா சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். பெட்டி சர்ச்சுக்குச் சொந்தம் என்றாலும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். மார்கழி பஜனைக்கு வேண்டும் என்று பெருமாள் கோயில்காரர்கள் கேட்டாலும் அம்மா தூக்கிக் கொடுத்துவிடுவாள். போன பெட்டி எந்த நிலையில் திரும்பி வந்தாலும் கவலைப்பட மாட்டாள்.

ஊமைக் கட்டைகளுக்கு அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வாசித்துக்கொண்டே போவாள். அந்த இடம் வந்ததும் விரல் கட்டையை அழுத்தும், சத்தத்தைத் தொண்டை கொடுக்கும். வாயைத் திறக்காமல் "ம்" என்று, சரியாக அந்தச் சுரத்தில், கட்டை பேசியிருந்தால் எவ்வளவு நேரம் பேசியிருக்குமோ அவ்வளவு நேரம். பாதிப் பேருக்குப் பெட்டியில் பழுது இருப்பதே தெரியாது. தெரிந்த மீதிப் பேரில் என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மா செய்வதைத் திங்கட்கிழமை எனக்குச் செய்து காட்டுவார்கள். கணக்கு டீச்சர் கேள்வி கேட்டால்கூடப் பின் பெஞ்சிலிருந்து ஒரு "ம்" வரும்.

புதுப் பெட்டி வாங்கச் சொல்லிப் பாதிரியாரிடம் கேள் என்று அம்மாவை நச்சரித்தேன். பால்வாடியில் சோறாக்கிவிட்டு வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாட்டு இன்னா பெட்டிக்குள்ளயா கீது? இது இல்லன்னா இன்னொண்ணு. அதுவும் இல்லன்னா தொண்ட கீது."

பத்து வயதில் இதைவிட எரிச்சலூட்டும் பதிலை நான் கேட்டதில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியில் சுற்றுவட்டார சர்ச்சுகளுக்கெல்லாம் சேர்த்துப் பாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து ஆறு பெண்கள் பாடுவதாக ஏற்பாடு. இரண்டு மாதம் அம்மா எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அத்தனை நாளும் எனக்கு ஒரே கவலைதான். டவுன் பிள்ளைகளுக்கு முன்னால் இந்தப் பெட்டியை வைத்து, இவள் "ம்" என்று இழுக்கப்போகிறாளே.

மறியல் முடிந்துவிட்டது, பஸ் ஓடுகிறது என்றார்கள். ஓடியது, வடக்கனந்தலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும். மறியல் முடிந்திருந்தது, வெட்டிப் போட்ட மரங்களை எடுத்துப் போட யாரும் வரவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வேரோடு சாய்ந்த மாதிரி இலையும் காயுமாகக் கிடந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டுப் பஸ் திரும்பிவிட்டது. மரத்தின்மேல் நாலைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பழைய புடவையில் சுற்றிய பெட்டியைத் தலையில் ஏற்றினாள். பின்னால் கல்வராயன் மலை, முன்னால் மூன்று நான்கு மைல் நடை. எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

இவ்வளவு தூரம் சுமந்தால் கை நடுங்கும், எப்படி வாசிப்பாய், டவுன் சர்ச்சில் நல்ல பெட்டி இருக்கிறது, கேட்டால் தருவார்களாம் என்று சொன்னேன். தருவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பாட்டு நன்றாக வந்தால் சரி என்று பெட்டியை இறக்கிவிட்டாள். மரத்தில் உட்கார்ந்திருந்த இளவட்டம் ஒருவர் அதை வாங்கிப் பக்கத்து மோட்டார் கொட்டகையில் வைத்தார்.

"நாங்க பாத்துக்கறோம், போய்ட்டு வாங்கக்கா," என்றார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. நெடுக வெட்டிக் கிடந்த மரங்களையெல்லாம் நான்தான் முதலில் தாண்டினேன்.

டவுன் சர்ச் மாஸ்டர் நல்ல மனுஷர். கேட்டதும் தந்துவிட்டார். பளபளவென்று வார்னிஷ் அடித்த பெட்டி, பித்தளைக் குமிழ்கள். அம்மா கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எல்லாமே பேசுது என்று எங்களிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் முறை வந்தது. வரிசையின் ஓரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் நான்.

முதல் சரணம் நன்றாகவே போனது. ஆனால் அந்த இடம் வந்தபோது புதுப் பெட்டியின் கட்டை கணீரென்று பேச, அதற்கு மேலேயே அம்மாவின் தொண்டையும் "ம்" என்றது. ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். கட்டை பேசுகிறது என்று விரலுக்குத் தெரிந்தது, தொண்டைக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் நீல ரிப்பன் கட்டிய பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அதை அப்படியே செய்து காட்டினாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

இரண்டு சரணத்துக்கு நடுவில் பெட்டி மட்டும் வாசிக்கும் இடைவெளி வரும். குனிந்து அம்மாவின் காதில் சொன்னேன்.

"வாய மூடும்மா. எல்லாரும் சிரிக்கறாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இப்போது எழுதும்போது எனக்கு இவ்வளவு காது சுடாது. தவறு செய்த பிள்ளை டீச்சரைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். உடனே உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

இரண்டாம் சரணத்தை நாங்கள் எடுக்க வேண்டிய இடமும் அந்தச் சுரம்தான். கட்டை பேசியது. நாங்கள் ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அம்மா பெட்டியில் இன்னொரு சுற்று வாசித்து வந்து மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாள். இருவர் எடுத்தார்கள், அதுவும் வேறு வேறு சுருதியில். மூவர் அவர்கள் பின்னால் ஓடினார்கள். கடைசியாக வாயைத் திறந்தது நான். இரண்டு மாதமாக எங்களுக்கு எடுப்புச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த "ம்"தான். அது போனதும் ஆறு பேருக்கும் வழி தெரியவில்லை. இப்போது முன் வரிசை மட்டுமல்ல, மண்டபமே சிரித்தது.

பரிசு இல்லை. மாஸ்டர் வருத்தப்பட்டு, என்ன ஆயிற்று என்று விசாரித்தார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பெற்றவளுக்கு என்மேல் பழி போட எவ்வளவு சுலபமான நேரம் அது.

"புதுப் பெட்டிங்க, எனக்குக் கை பழகல. புள்ளைங்க மேல தப்பு இல்லீங்க," என்றாள்.

திரும்பும்போது ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அம்மா அவளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். நான் தின்றேன்.

புளியமரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. கிளைகளை மட்டும் கழித்திருந்தார்கள். அந்த இளவட்டம் பெட்டியைச் சாக்கு போட்டு மூடிப் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பாட்டு வாசிங்கக்கா, நாள் முழுக்க இங்கியே குந்திக்கினு கீறோம் என்று கேட்டார். அம்மா மறுக்கவில்லை. விழுந்து கிடந்த மரத்தின்மேல் பெட்டியை வைத்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாட்டை வாசித்தாள்.

அந்த இடம் வந்தது. விரல் கட்டையை அழுத்தியது. புஸ்ஸென்று காற்று போனது. அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டே அதைத் தாண்டிப் போனாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும், சர்ச்சுக்குப் புதுப் பெட்டி வரும்வரைக்கும், அப்படித்தான் வாசித்தாள்.

"அந்த எடத்துல இன்னாங்கக்கா, வெறும் காத்து போவுது?" என்று அவர் கேட்டார்.

"அது அப்டித்தாங்க," என்றாள் அம்மா.

நான் மரத்திலிருந்த ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அம்மா திருந்திவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.