சகாயநாதன் கடையில் மூன்று வெளிநாட்டு ஸ்டூல்கள்

மாதா படத்துக்கு சீரியல் லைட்டைப் போட்டுவிட்டு, சகாயநாதன் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்களைத் துடைத்து வரிசையாகப் போடுகிறார். சிவப்பு ஸ்பெயின்காரருக்கு. பச்சை டச்சுக்காரருக்கு. கால் ஆடும் நீலம் ஜப்பான்காரருக்கு. மூவரும் பேய், பிசாசு, எலும்புக்கூடு வரைந்தே உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள். மூவரும் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "பேரெல்லாம் நம்ம வாயில நுழையாது சார். ஊரைச் சொன்னா போதும்" என்பார்.

பாபநாசம் மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக் கொடுப்பவர் அவர். செத்தவர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கிப் பிழைக்கும் மனிதர் கையால் வரைவது அக்டோபரில் மட்டும்தான். அவருடைய செல்போனில் ஒரு குழு இருக்கிறது. தினம் ஒரு சொல் தருவார்கள். அதற்கு மையால் ஒரு படம் வரைந்து மாலை ஆறு மணிக்குள் போட வேண்டும். முப்பத்தொரு நாளில் ஒரு நாள் தவறினாலும் அவுட்.

தனியாக வரைய அவருக்குக் கை வராது. அதனால் அந்த மூவரையும் போட்டிக்கு அழைத்துவிட்டார். அவர்கள் என்ன வரைவார்கள் என்று யோசித்து, அதையும் அவரே வரைகிறார். 'குடை' என்று சொல் வந்த அன்று ஸ்பெயின்காரர் குடைக்கடியில் கழுதைமுக வக்கீலை நிறுத்தினார். டச்சுக்காரர் குடைக்குக் கால் முளைக்க வைத்து நாலு குட்டிப் பிசாசுகளை ஏற்றிவிட்டார். ஜப்பான்காரரின் எலும்புக்கூடு தஞ்சாவூர் பஸ்ஸைவிட உயரம். கடைசியாகச் சகாயநாதன் தன் பங்குக்கு ஒரு குடை வரைந்தார். வெறும் குடை.

எதிரே மருந்துக்கடையிலிருந்து இதையெல்லாம் பார்க்கும் எனக்குச் சிரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம் வரும். "உங்க படத்த முதல்ல போட்டுட்டு அவங்களத கவனிக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"விருந்தாளிய உக்கார வச்சுட்டு நாம முதல்ல சாப்புடுவோமா சார்?" என்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

இந்த உபசாரத்தில்தான் போன மூன்று வருஷமும் கோட்டை விட்டார். விருந்தாளிகள் முடிப்பதற்குள் ஆறு மணி அடித்துவிடும். ஒன்பதாம் நாள், பதினேழாம் நாள், போன வருஷம் இருபத்தாறாம் நாள். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி விண்ணரசி, கடைக்கு டிசைன் போடுபவர், கணவருக்கே ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்துக் கதவில் ஒட்டினார். 'ஓவியப் போட்டியிலிருந்து மறைந்தார்.' அதைப் பார்த்து மாலையோடு வந்தவர்களும் உண்டு.

இந்த வருஷம் முடித்தே தீருவேன் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தார். மூன்று வருஷத் தோல்வி மனிதரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. இருபதாம் நாள், செத்துப்போன அப்பாவுக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்கப் படத்தோடு வந்த ரெத்தினம் களைப்பில் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அங்க ஆளு இருக்கு" என்றார் சகாயநாதன். அதன்பின் ரெத்தினம் வாசலில் நின்றுதான் பேசினார்.

முப்பதாம் நாள் வரை சகாயநாதன் தப்பித்தார். முப்பத்தொன்றாம் நாள் சொல், 'முகம்'. விடாத மழை. கல்லறைத் திருநாளுக்கு இரண்டே நாள் இருந்ததால் ஜெபச்சீட்டு அடித்தே கடைத் தாள் மொத்தமும் தீர்ந்திருந்தது. வரைய வைத்திருந்த நாலு தாளில் ஸ்பெயினுக்கு ஒன்று, டச்சுக்கு ஒன்று. ஜப்பான்காரரின் எலும்புக்கூட்டுக்குத் தாடை மட்டும் ஒரு தாள் பிடித்ததால் அவருக்கு இரண்டு. மணி ஐந்தரை. மிச்சமிருந்தது ஃபிளெக்ஸ் ரோல்தான், அதில் இந்த மை நிற்காது. ஸ்டேஷனரி கடைக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. இவ்வளவு எரிச்சல்பட்ட எனக்கே அழுகை வந்தது.

விண்ணரசி உள்ளிருந்து வந்தார். பிரிண்டரில் கிடந்த கடைசித் தாளில் இந்த வருஷத்து அஞ்சலியை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். வெளுப்பாக்கிய முகம், ஒளிவட்டம், 'முப்பத்தொன்றாம் நாளில் மறைந்தார்.'

"ஒட்டிடவாங்க?"

"குடு இப்புடி."

வாங்கிய தாளைத் திருப்பினார். வெள்ளை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். பின்பக்கத்திலிருந்து அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. மேஜை விளக்கைச் சிவப்பு ஸ்டூலுக்கும் பச்சைக்கும் நடுவே தரையில் எரியவிட்டு, அதற்கு மேலே இரண்டு ஸ்டூல்களிலும் ஒரு கண்ணாடிப் பலகையைப் பாலமாக வைத்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கத் தாளை விரித்தார். விருந்தாளிகளைக் கேட்கவில்லை. ஆடும் நீல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மீசையிலிருந்து வரையத் தொடங்கினார்.