பாதி வழியில் திரும்பிய பந்து

பட்டாசு டீச்சருக்குப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டார். கோபம் வந்தால் வெடிப்பார், அடுத்த நொடியே சிரித்தும் விடுவார். அவர் சோப்பு டப்பாவுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த கம்பெனியை முதலாளி இழுத்து மூடிய பிறகு, வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்கான ஓர் இணையவழிப் பள்ளியில் அனிமேஷன் சொல்லித்தரச் சேர்ந்தார். சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. வகுப்பு முடியும்வரை அவர் கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவார், பாவம்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிள்ளைகள் செய்த படத்தைப் பெற்றோர் கூட்டத்தில் காட்ட வேண்டும், அவர்கள் கேட்டால்தான் வகுப்பு தொடரும் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். அதிலும் ஒரு மாணவியின் அப்பா, பேக்கரியில் இரவு வேலை பார்ப்பவர், ஆரம்பத்திலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தார். களிமண் உருட்டுவதெல்லாம் ஒரு பாடமா, அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே என்று அவர் பள்ளிக்குப் போன் போட்டுக் கேட்டது டீச்சர் காதுக்கும் வந்தது. இந்த வேலையும் போனால் எங்கே போய் நிற்பது?

படத்தின் கதை எளிது. ஒரு சிவப்புக் களிமண் பந்து ஆறு பிள்ளைகளின் வீடுகள் வழியாக உருண்டு ஊர் சுற்றுகிறது. தரையில் பந்தைக் கடுகளவு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொன்று. பின்னால் சுவரில் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இடமிருந்து வலமாக உருட்டுங்கள் என்று சொல்லி, டீச்சரே கேமரா முன்னால் உருட்டியும் காட்டினார்.

வந்த படங்களைக் கோத்துப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று வீடுகளில் பந்து வலப்பக்கம் போகிறது, மூன்றில் இடப்பக்கம். காதில் என்ன பஞ்சா வைத்திருக்கிறீர்கள் என்று வகுப்பில் பொரிந்து தள்ளினார். பேக்கரிக்காரர் மகள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், நீங்க சொன்னது ஒரு பக்கம், கையால உருட்டிக் காட்டினது வேற பக்கம்."

டீச்சருக்குச் சட்டென்று உறைத்தது. அவர் திரையில் அவர் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். பிள்ளைகளுக்கோ எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோல. அவருடைய வலம் அவர்களுக்கு இடம். சொன்னதைக் கேட்டவர்கள் ஒரு திசை, காட்டியதைப் பார்த்தவர்கள் எதிர்த்திசை! தப்பு தன்னுடையதுதான் என்று அசடு வழிந்தபடி ஒப்புக்கொண்டார்.

போட்டோ வரிசையைப் பின்னிருந்து ஓட்டினால், உருள உருளத் தூசி படிந்த பந்து போகப்போகச் சுத்தமாகிக்கொண்டே வந்தது. கணினியில் இடப்பக்கம் போன மூன்றையும் இடவலம் மாற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். சுவரிலிருந்த பெயர்களும் திரும்பிக்கொண்டன. தன் பெயரைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்று ஒருவன் மூக்கால் அழுதான். மறுபடி எல்லாவற்றையும் எடுக்க நேரமும் இல்லை, கூட்டம் மறுநாள் மாலை.

"திரும்பியே போகட்டுமே டீச்சர்," என்றாள் அதே பெண். "மூணு வீடு போகுது, எதுலயோ முட்டுது, பயந்து திரும்பி ஓடுது. முட்டற இடத்தை மட்டும் நான் எடுத்து அனுப்பறேன்."

மறுநாள் காலையில் அது வந்து சேர்ந்தது. ஒரு காலில் பந்து முட்டுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த டீச்சர், அந்தக் கால் யாருடையது என்று யோசித்ததும் அதை நீக்கிவிடப் பார்த்தார். நீக்கிவிட்டால் படமே இல்லை. வருவது வரட்டும் என்று சேர்த்துவிட்டார்.

கூட்டத்தில் படம் ஓடியது. பந்து மூன்று வீடு தாண்டி ஓர் அறைக்குள் நுழைந்தது. போர்வைக்குள் யாரோ தூக்கம். ஒவ்வொரு போட்டோவிலும் மூச்சு ஒவ்வொரு அளவில் இருந்ததால் போர்வை தையத்தக்கா என்று குதித்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தில் பந்து முட்டியது. கட்டைவிரல் துடித்தது. பந்து திரும்பிப் பார்க்காமல் ஓட்டம் பிடித்து, மீதி மூன்று வீடுகளையும் கடந்து மறைந்தது.

பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. திரையருகே குனிந்து பார்த்துவிட்டு மைக்கைத் திறந்தார்.

"அது என் கால்," என்றார். "நேத்து பகல்ல நான் தூங்கி எழுந்திரிக்கிற வரைக்கும் இவ அங்கேயே உட்கார்ந்து எடுத்திருக்கா. எங்கேயும் அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல உட்கார மாட்டா, என் பொண்ணு." "வகுப்பை நிறுத்திடாதீங்க. அடுத்த படத்துல என் மூஞ்சியையும் காட்டச் சொல்லுங்க."

மற்ற பெற்றோரும் ஆமோதித்தார்கள். வகுப்பு தொடரும் என்றார் தலைமையாசிரியை. மூஞ்சி வேண்டுமென்றால் ஆடாமல் அசையாமல் மூச்சை அடக்கிக்கொண்டு தூங்க வேண்டியிருக்கும் என்று பேக்கரிக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.