பூட்டின வீட்டுக் குளம்படி

கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருந்தார்கள். அங்கே படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுவது பவுலினுக்கு வேலை. காலையில் கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள், பொழுது சாயுமுன் திரும்பிவிடுவாள். ஐம்பதை நெருங்கிய பொம்பளை. பேச்சு குறைவு. மற்றவர்கள் சமையல்கட்டில் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தால் இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். அங்கே நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஓட்டுக்கூரைதான். அதற்குக் கீழே பாதி வீடுகளில் ஆள் கிடையாது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும்.

பங்குனி வெயில் ஏற ஏற, அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் வந்தது.

பக்கத்து வீட்டிலிருந்துதான். அது வருஷக்கணக்காக முன்வாசல் பூட்டிக் கிடக்கிற வீடு. உச்சிவேளையில், தெருவில் நாய்கூட நடக்காத நேரத்தில், உள்ளே டொக், டொக், டொக் என்று கேட்கும். சட்டென்று நின்றுவிடும். எதையோ தரையில் இழுக்கிற சரசரப்பு. பிறகு மறுபடியும் டொக், டொக்.

அந்த வீட்டுக்கும் ஓட்டலுக்கும் சேர்த்து வாட்ச்மேனாக இருந்த ஐயனாரிடம் கேட்டாள்.

"உங்களுக்கும் கேட்டுருச்சாக்கா?" ஐயனார் குரலைத் தாழ்த்தினான். "அந்த வீட்டுப் பெரிய அப்பச்சி குதிரை வண்டி வச்சிருந்தாகளாம். அந்தக் குதிரைதான் இன்னும் நடக்குதுன்னு தெருவே சொல்லுது. நீங்க அங்குட்டுத் திரும்பியே பாக்காதீக."

பவுலினுக்குப் பேய்ப் பயம் கிடையாது. அவளைக் கலங்கடித்தது வேறு. அந்தச் சத்தத்துக்கு ஓர் அளவு இருந்தது. இவ்வளவு தூரம் நடை, ஒரு வெட்டு, திரும்பல், அதே அளவு நடை. கட்டிப்போட்ட உயிர்தான் அப்படி நடக்கும். சின்ன வயதில் அந்த நடையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். செத்தாலும் இனி அது காதில் விழாது என்று நம்பியிருந்தாள்.

மறுநாள் ஈர விரிப்புகளை வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். அந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் போய் முடிபவை. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள். பின்கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். இருட்டு. சாணி நாற்றத்தோடு புண் அழுகுகிற வாடையும் அடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இருட்டு அசைந்தது. இடுக்குக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், ஒரு கண் திறந்து அவளைப் பார்த்தது. நீளமான இமை, ஓரத்தில் மஞ்சளாகப் பீளை. அது இமைக்கவில்லை. அவளாலும் முடியவில்லை.

"ஐயனாரு! பேயும் இல்ல பிசாசும் இல்லப்பா. உசிரு! உசிரைப் பூட்டி வச்சிருக்காங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள் பவுலின்.

அப்புறம்தான் ஐயனாருக்கு உறைத்தது. கல்யாண போட்டோ எடுக்கிற தேவா என்ற வெளியூர்க்காரன் அந்தப் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். மாப்பிள்ளையை ஏற்றிப் படம்பிடிக்க ஒரு வெள்ளை மட்டக்குதிரையும் கொண்டுவந்திருந்தான். தொழில் படுத்துப்போய் ஆட்களெல்லாம் கலைந்துவிட்டார்கள். குதிரையையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் ஐயனார் நினைத்திருந்தான். தேவாவின் போன் அணைந்து கிடந்தது. சென்னையிலிருந்த வீட்டுக்கார ஆச்சிக்குப் போன் போட்டான், பூட்டை உடைக்கலாமா என்று.

"உள்ள ஒரு உசிரு கிடக்குங்கிறீக, பூட்டுக்கு யோசிக்கிறீகளா? உடைங்க மொதல்ல!" என்றார் ஆச்சி.

பவுலினின் கணவர் சகாய ஆண்டனி எலக்ட்ரீஷியன். சுத்தியலோடு வந்து பூட்டைத் தட்டினார். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

பெட்டைக் குதிரை. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. குளம்புகள் வெட்டாமல் வளர்ந்து செருப்பு நுனி மாதிரி மேலே வளைந்திருந்தன. படம் பிடிப்பதற்காகப் பிடரிக்கு ரோஸ் சாயம் அடித்திருந்தார்கள், அது மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது. தொட்டியில் யாரோ மூடாமல் விட்ட குழாய் சொட்டிக்கொண்டிருந்ததால் தண்ணீர் கிடைத்திருக்கிறது. தின்ன ஒன்றும் இல்லாமல் எட்டிய மட்டும் கதவுக்கட்டையைக் கரண்டியிருந்தது. முன்னங்காலில் நைலான் கயிறு. அதற்கு மேல் சதை வளர்ந்து மூடிவிட்டது.

கால்நடை டாக்டர் சத்தியப்பிரியா வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, கயிற்றை நூல் நூலாக வெட்டி எடுத்தார். பவுலின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிறு முழுசாக வந்ததும் அதன் அடியில் மயிர் இல்லாமல், வளையல் போட்டதுபோல ஒரு சிவந்த தடம். அதைப் பார்த்ததும் பவுலின் எழுந்து வெளியே ஓடிச் சுவரோரம் வாந்தியெடுத்தாள். நாற்றம் தாங்கவில்லை போலும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"பாவம்னு வயிறு நிறையப் போட்டுறாதீங்க. அதுவே கொன்னுரும்," என்றார் டாக்டர். "கைப்பிடி புல்லு, கொஞ்சம் தண்ணி. நேரம் விட்டு மறுபடி கைப்பிடி. யாரு பொறுமையாப் பாத்துக்குவீங்க?"

"நான்," என்றாள் பவுலின். ஆண்டனி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். வீட்டில் ஒரு கோழிகூட வளர்க்கச் சம்மதிக்காதவள்.

டாக்டர் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். குதிரையைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கோட்டையூருக்குக் கொண்டுவந்து கொல்லையில் விட்டார்கள். புண்ணுக்கு மருந்து, ஈ அண்டாமல் துணி, லாடக்காரர் வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளம்பு செதுக்கல் என்று நாள் போனது. விலாவில் சதை பிடித்தது. ரோஸ் சாயம் பிடித்த மயிரைப் பவுலின் கத்தரித்துப் போட்டாள். கயிறே கட்டவில்லை, கொல்லை முழுக்க அதற்குத்தான். ஆனாலும் அது கொல்லையின் நடுவில், ஒரு கயிற்று நீளத்துக்குள்ளேயே வட்டம் போட்டது. ஓரிடம் வந்ததும் யாரோ இழுத்த மாதிரி காலை வெட்டித் திரும்பும். வேப்பமரத்து நிழல் பத்தடி தள்ளி விழுந்து கிடக்கும். இது வெயிலில் சுற்றும்.

"கட்டவே இல்லையே, பிறகு எதுக்கு இப்படிச் சுத்துது?" என்று ஆண்டனி கேட்டார்.

பவுலின் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

சாயங்காலங்களில் அவள் குதிரையின் தோளோடு ஒட்டிக்கொண்டு தானும் வட்டம் சுற்ற ஆரம்பித்தாள். தினமும் ஒரு பாதம் வெளியே தள்ளி மிதிப்பாள். குதிரை திரும்பும் இடத்தில் திரும்பாமல் நிற்பாள். வரும்வரை நிற்பாள். ஆண்டனி முதலில் சிரித்தார். ஒருநாள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் குதிரையிடம் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"வாண்ணே. ஒண்ணும் இல்லண்ணே. ஒரு எட்டு. வா."

அவளுக்கு அண்ணன் இருந்ததாக ஆண்டனிக்குத் தெரியாது.

"பவுலு," என்றார், "யாரை அண்ணேங்கிற?"

அவள் கை குதிரையின் கழுத்தில் அப்படியே நின்றது. பிறகு சொன்னாள். பிலவேந்திரன் என்று ஓர் அண்ணன். சாக்கோட்டைப் பக்கம் அவர்கள் இருந்தபோது, பம்பாய்க்கு வேலைக்குப் போனவன் புத்தி பேதலித்துத் திரும்பி வந்தான். ராத்திரி பகலென்று பார்க்காமல் ஓடிப்போனான். அப்பா அவனைக் காலில் கயிறு போட்டு மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டினார். ஊர் மெச்ச ஜெபமாலை சொல்லுகிற அப்பாதான். சோறு கொண்டுபோவது பவுலின் வேலை. "பவுலு, இதை மட்டும் அவுத்து விடு தாயி" என்பான். அப்பா போட்ட முடிச்சு அவள் விரலுக்கு இளகாது.

"ஒரு ஈஸ்டர் பாஸ்காவுக்கு, சர்ச்சுப் பூசைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அவுத்து விட்டாகங்க. புதுச்சட்டை எல்லாம் போட்டாக. அண்ணன் எந்திரிச்சு கயிறு எட்டுற மட்டும் நடந்துச்சு. அதுக்கு மேல போகல. திரும்பிருச்சு. நாங்க கூப்புடுறோம், அழுறோம். அது சுத்திக்கிட்டே இருக்கு. அந்த மழைக்காலத்துலயே காச்சல்ல செத்துப்போச்சு. அதுக்குப் பிறகு வீட்ல யாரும் அது பேரைச் சொல்லல. நானும் சொல்லல."

ஆண்டனி ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குதிரையின் மறுபக்கம் நின்றார். அன்றைக்கு மூன்று பேருமாகச் சுற்றினார்கள்.

வட்டம் விரிந்தது. கிணற்றடி வந்தது, வேப்பமரம் வந்தது. கடைசியில் வேலியோரப் புல்லுக்கும் தானாகவே போயிற்று.

அப்போதுதான் தேவா காரில் வந்து இறங்கினான். நல்ல சட்டை, பணிவான பேச்சு. "ஊர்ல இல்லைங்கம்மா, பிரச்சினை. நல்லாத் தேத்திட்டீங்க. நான் ஓட்டிக்கிறேன்," என்றான்.

குரல் கேட்டதுதான் தாமதம். வேலியோரம் மேய்ந்த குதிரை தலையைத் தூக்கியது. பிறகு ஒவ்வோர் அடியாக நடந்து கொல்லையின் நடுவுக்கு வந்து, பழைய வட்டத்தில் நுழைந்து, சுற்றத் தொடங்கியது. வேகமாக, வாயில் நுரை தள்ளச் சுற்றியது.

தேவா ஓரடி பின்வாங்கினான். "ஏன் இப்படிப் பண்ணுது?"

"உங்களைத் தெரியுது அதுக்கு," என்றாள் பவுலின். "நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். போங்க."

போலீஸ் புகார் எண்ணை ஆண்டனி சொன்னதும் அவன் காரில் ஏறிவிட்டான். பிறகு வரவில்லை. ஆனால் குதிரை பொழுது இருட்டும்வரை நிற்கவில்லை. பல வாரங்கள் பட்ட பாடு ஒரு குரலில் போயிற்றே என்று பவுலின் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு பாதம், மறுநாள் இன்னொரு பாதம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிலவேந்திரன் பேருக்குச் சர்ச்சில் பூசை கொடுத்துவிட்டுக் காலை வெயிலில் இருவரும் வீடு திரும்பினார்கள். கொல்லைக்குப் போன பவுலின் அலறினாள். குதிரை நாலு காலையும் நீட்டி, தலை மண்ணில் பட, கிடையாய்க் கிடந்தது. வந்த நாளிலிருந்து அது படுத்து அவள் பார்த்ததே இல்லை. நின்றுகொண்டேதான் கண்ணயரும்.

ஓடிப்போய் மண்டியிட்டு மூக்கருகே கையை வைத்தாள். சூடாக மூச்சு வந்தது. அது கொர்கொர்ரென்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கனவில் போல முன்னங்கால் லேசாகத் துடித்தது, காற்றில் நேராக ஓடுகிற மாதிரி.

"என்ன பவுலு, என்ன ஆச்சு?" என்று ஆண்டனி பதறிக்கொண்டு வந்தார்.

"சத்தம் போடாதீக," என்றாள் பவுலின். பூசைக்குக் கட்டிய சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். "தூங்குது."