லுடோமிரின் அளவுக்குச்சி

தோருன் நகரச் சந்தையில் மீன் வாங்குகிறவர்களுக்கு லுடோமிரைத் தெரியாமல் இருக்காது. நடுவரிசையில் கெண்டை நீந்தும் தொட்டி, அதற்குப் பின்னால் ரப்பர் ஏப்ரன் கட்டிய நெட்டை மனிதர். அவர் நிறுக்கும்போது யாரும் தராசைப் பார்க்க மாட்டார்கள். பையைக் கட்டுவதற்கு முன் ஒரு பொடிமீனை மேலாகப் போடுவார். "இது எதுக்கு?" என்று கேட்டால், "தராசு தூக்கக் கலக்கத்துல இருந்திருந்தா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த மனிதர் தளபதி. விஸ்வா ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில்தான் எங்கள் சங்கம் கூடுகிறது. பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடுகிறவர்கள் நாங்கள். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! விரல் உயரச் சிப்பாய்கள், பச்சைத் துணி விரித்த மேசை, பாசியில் செய்த மரங்கள். சதுரங்கம் மாதிரி கட்டம் கிடையாது. யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் அங்குலக் கணக்கு. காலாட்படைக்கு ஆறு, குதிரைப்படைக்குப் பன்னிரண்டு. அளவு கெட்டால் ஆட்டமே கெட்டது.

அந்த அளவுக்குக் காவல் நான்தான். பெயர் போக்னா, சங்கத்தின் நடுவர், வாய் கொஞ்சம் நீளம். சிப்பாய்கள் ஒரு சின்னத் தட்டில் ஒட்டியிருப்பார்கள். தட்டின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் முன்விளிம்பைத்தான் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நம்ம ஆட்கள் என்ன செய்வார்கள்? முன்விளிம்பில் அளப்பார்கள், பின்விளிம்பை நிறுத்துவார்கள். ஒரு தட்டின் நீளம் இலவசம்! பிடித்துக் கேட்டால் "கை தவறிடுச்சு" என்பார்கள். அந்தக் கை எப்போதும் எதிரியைப் பார்த்துத்தான் தவறும். பின்னால் தவறிய கையை நான் பார்த்ததே இல்லை.

லுடோமிரிடம் எனக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர் டேப்பே எடுக்க மாட்டார். சங்கத்தில் சேர்ந்த புதிதில் வெட்டிய ஒரு மரக்குச்சி வைத்திருக்கிறார், பன்னிரண்டு அங்குலம், நடுவில் ஆறுக்கு ஒரு சிவப்புக் கோடு. குச்சியை மேசையில் கிடத்துவார், தட்டைக் குச்சியை ஒட்டித் தள்ளுவார், முனை வந்ததும் கையை எடுத்துவிடுவார். எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும்.

செவெரினுக்குத்தான் அந்தக் குச்சி கண்ணை உறுத்தியது. டயர் கடை வைத்திருக்கிறான், ஆள் கெட்டவன் இல்லை, ஆனால் தோல்வி அவனுக்குச் செரிக்காது. போன வருஷம் இலையுதிர்காலக் கோப்பையில் லுடோமிரிடம் மயிரிழையில் தோற்றான். அன்றிலிருந்து ஒரே பாட்டு: "அந்தக் குச்சி நீளம்." முதலில் சங்கத்தில் சொன்னான். பிறகு டயர் கடையில் சொன்னான். கடைசியில் அது சந்தைக்கே வந்துவிட்டது. "குச்சியில ஏமாத்தறவன் தராசுல சும்மா விடுவானா?"

மீன் விற்கிறவருக்கு அந்தப் பேச்சு சும்மா பேச்சா? ஒரு நாள் நான் வரிசையில் நின்றபோதே ஒரு பெண்மணி, "இன்னொரு தடவ நிறுத்துக் காட்டுங்க" என்றார். லுடோமிர் மீனை எடுத்து மறுபடி நிறுத்தார். காது மட்டும் சிவந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, அந்தக் குச்சிய எல்லாரு முன்னாடியும் அளந்து அவன் மூக்க உடைக்கிறேன்!"

"வேணாம் போக்னா. சந்தேகம்னா அவன் வாய்விட்டுக் கேக்கட்டும்."

கேட்க மாட்டான். எங்கள் சங்கத்தில் அடுத்தவர் குச்சியை அளக்கச் சொல்வது முகத்தில் துப்புவதற்குச் சமம். முதுகுக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம், மேசையில் வைத்து யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் மறுபடியும் அதே இரண்டு பேர். கூடம் நிரம்பி வழிந்தது. ஓரத்தில் முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் அண்டாவில் கொதிக்கிறது, கிண்ணம் எடுக்க ஒருவரும் போகவில்லை. அப்படி ஓர் ஆட்டம்! செவெரினின் பீரங்கி குன்றின்மேல் இருந்துகொண்டு லுடோமிரின் காலாட்படையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது ஈட்டிக் குதிரைப்படை ஒன்றுதான். அது குன்றைச் சுற்றி பீரங்கிக்குப் பக்கவாட்டில் வந்து நின்றது. இதுதான் லுடோமிரின் கடைசி நகர்த்தல். குதிரைத் தட்டு பீரங்கித் தட்டைத் தொட்டால் பீரங்கி போச்சு, கோப்பை லுடோமிருக்கு. தொடாவிட்டால் பீரங்கி திரும்பும், சுடும், கதை முடிந்தது.

லுடோமிர் குச்சியைக் கிடத்தினார். தட்டைத் தள்ளினார். குச்சியின் முனை வந்தது. கையை எடுத்தார்.

பீரங்கிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நாணயத்தின் கனம் இடைவெளி. அவ்வளவுதான்! ஊதினால் மூடிவிடும் போலிருந்தது. வேறு யாராக இருந்தாலும் சட்டை நுனி பட்டு அந்தத் தட்டு நகர்ந்திருக்கும்.

"எட்டல," என்றார் லுடோமிர். அவராகவே சொன்னார்.

கூடமே "அய்யோ" என்றது. செவெரின் பேசாமல் பீரங்கி சுடுவதற்கான பகடையை எடுத்து உருட்டியிருந்தால் போதும், கோப்பை அவன் கையில். ஆனால் அவனுக்குப் போன வருஷத்துக் கோப்பையும் வேண்டும். இத்தனை பேர் கூடியிருக்கும்போது விடுவானா?

"நான் இத ஒத்துக்கமாட்டேன்!" என்று கத்தினான். "இவ்வளவு கிட்டக்கூட வந்திருக்க முடியாது. போக்னாக்கா, அந்தக் குச்சிய அளங்க. நீளமா இருந்தா போன வருஷக் கோப்பையும் எனக்குத்தான் வரணும்."

கேட்டேவிட்டான்!

"யோசிச்சுத்தான் பேசறியா?" என்றேன். "நான் அளந்தா இந்த நகர்த்தல் செல்லாது. குதிரைய பழைய இடத்துல வச்சு, சங்கத்து டேப்புல மறுபடி நகர்த்துவேன். அப்புறம் குய்யோ முறையோன்னு கத்தக் கூடாது."

"தாராளமா! டேப்புல நகர்த்துங்க. இன்னும் பின்னாடிதான் போய் நிப்பாரு."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றேன். கேட்டுக்கொண்டோம் என்றார்கள்.

நான் லுடோமிர் பக்கம் திரும்பினேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. குச்சியை மார்போடு பிடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"போக்னா, நான் இத ஒருநாளும் டேப் வச்சுப் பாத்ததில்ல."

"என்னண்ணே சொல்றீங்க!"

"மக பள்ளிக்கூடத்து ஸ்கேல வச்சு வெட்டினேன். ரம்பம் கோணலாப் போயிருந்தா? நெசமாவே நீளமா இருந்துட்டா? நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்?"

இந்த மனிதரைக் கோயில் மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன், இவரோ இப்போது வந்து இப்படிச் சொல்கிறார்! ஆனால் நடுவர் நடுவர்தானே. கையை நீட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் குச்சியைக் கொடுத்தார்.

சுவரில் குச்சியின் ஒரு முனையை முட்டவைத்து, டேப்பை அதன்மேல் இழுத்தேன். அங்குலக் கோடுகளை எண்ணிப் பார்த்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இழுத்தேன்.

"சொல்லித் தொலைங்கக்கா!" என்றான் செவெரின்.

"சின்னதுடா!" என்று அலறினேன். "குச்சி சின்னது! பன்னிரண்டு அங்குலமே இல்ல, கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் கம்மி!"

எல்லோரும் சுவரை நோக்கி முண்டியடித்தார்கள். நான் டேப்பைத் திருப்பிப் பிடித்தேன். குச்சி சரியாக முப்பது சென்டிமீட்டர், ரம்பம் துளிகூடக் கோணவில்லை.

"அண்ணே, எந்தக் கணக்குல வெட்டினீங்க?"

"அங்குலத்துக்கு ரெண்டரை சென்டிமீட்டர்தானே? பன்னெண்டுக்கு முப்பது. ஸ்கேலும் முப்பதுதான் இருந்துச்சு."

"ரெண்டரைக்கு மேல ஒரு துளி இருக்குண்ணே! துளி!"

அங்குலத்தை டி.வி. பெட்டியிலும் தண்ணீர்க் குழாயிலும் மட்டுமே பார்க்கிற ஊரில் அந்தத் துளி யாருக்குத் தெரியும்? சேர்ந்த நாளிலிருந்து இந்த மனிதர் ஒவ்வொரு நகர்த்தலிலும் தன் குதிரைகளைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் தவறிய கை! கடைசியில் பார்த்துவிட்டேன்!

"வழி விடுங்க, வழி விடுங்க!" எல்லோரையும் விலக்கிக்கொண்டு மேசைக்குப் போனேன். நகர்த்தும் முன் துணியில் சுண்ணக்கட்டியால் போட்டிருந்த அடையாளத்தில் குதிரைத் தட்டை வைத்தேன். டேப்பைக் கிடத்தினேன். செவெரின் முகம் வெளுத்துவிட்டது. இப்போதுதான் அவனுக்குப் புரிகிறது, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது. தட்டை மெல்லத் தள்ளினேன். முப்பது வந்தது. முப்பதைத் தாண்டியது.

டக். தட்டும் தட்டும் முட்டிக்கொண்டன. டேப்பில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

கூடம் வெடித்தது! ஒருவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார், ஒருவர் தேநீரை என் முதுகில் கொட்டினார். பக்கத்து அறையில் இருந்த தீயணைப்புக்காரர் தலைக்கவசத்தோடு ஓடிவந்து, "எங்க எரியுது?" என்று கேட்டார். "செவெரின் வயித்துல!" என்று யாரோ கத்தினார்கள். லுடோமிர் மட்டும் அசையாமல் நின்றார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "நீளம் இல்ல, நீளம் இல்ல," என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன், அதற்கென்ன இப்போ?

செவெரின் அவ்வளவு சீக்கிரம் அடங்குகிற ஆளா? "இருங்க, இருங்க," என்றான். "அதுக்கும் முந்தின வருஷம் போக்னாக்கா கோப்பை வாங்கினாங்களே? அன்னிக்கும் இவரு குதிர மயிரிழையில எட்டாமத்தான நின்னுச்சு? அப்ப அதுவும் இவருக்குத்தானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவர் ஆவதற்கு முன் நானும் ஆடி, என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கோப்பை அது! அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

லுடோமிர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு எட்டலன்னு நான் சொன்னேன், போக்னாவும் சரின்னா. மேசையில ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அது முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு நீதாம்ப்பா ஒத்துக்கல."

என் கோப்பை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கெண்டை வாங்கச் சந்தைக்குப் போனேன். லுடோமிரின் கடையில் வரிசை ரொட்டிக்கடை வரைக்கும் நீண்டிருந்தது. எனக்கு முன்னால் யார் நிற்கிறான் என்று பார்த்தால், செவெரின்! ஒரு வருஷமாக அந்தப் பக்கமே தலைகாட்டாதவன். அவன் முறை வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "பெரிய கெண்டையா ஒண்ணு கொடுங்கண்ணே. நிறுக்க வேணாம், நீங்க சொல்ற எட தான்."

அன்று மறுபடி நிறுக்கச் சொன்ன அந்தப் பெண்மணியும் வரிசையில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

லுடோமிர் கெண்டையைப் பிடித்தார், தராசில் வைத்தார், எடை காட்டும் முள்ளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். பையில் போட்டார். பிறகு ஒரு பொடிமீனை எடுத்து மேலே போட்டார்.

"இது எதுக்குண்ணே?" என்றான் செவெரின்.

"நீ எனக்கு வாங்கிக் கொடுத்த அரை சென்டிமீட்டருக்கு," என்றார் லுடோமிர்.