வாசனையைப் பார்த்த நாள்

2009 மழைக்காலம். ஹைதராபாத் உப்பலில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராய்ச் சுற்றியவன். கடைசியாகப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அமிலப் பீப்பாய்களை உருட்டியதில் மூக்கு செத்துப்போனது. சாம்பிராணியும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் கூடத்தைத் திறந்து, ஏதாவது கசிகிறதா என்று மோந்து பார்ப்பதும் என் வேலை. விஷயம் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள்.

அதே ஊரின் லோத்குண்டா பகுதியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அங்கே ஆராய்ச்சிக்கு வருவார். கார்பன் நானோகுழாய் என்று மையைவிடக் கறுத்த ஒரு தூள். அயனித் திரவம் என்று, எத்தனை நாள் திறந்து வைத்தாலும் வற்றாத, தேன்போல் கனத்த ஒன்று. இரண்டையும் கல்வத்தில் அரைத்து, அந்த விழுதை நகமளவு தகட்டில் பூசுவார். காற்றில் அம்மோனியா கலந்தால் தகடு உணரும். கணினித் திரையில் கோடு ஏறும்.

ஒரு நாள் காலை உள்ளே வந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"அண்ணா, வெளிய வாங்க! அம்மோனியா பாட்டில் தொறந்து கெடக்கு. பக்கத்துலயே நின்னு பெருக்குறீங்க! மூக்கு இருக்கா, இல்ல பேருக்கு ஒட்டி வெச்சிருக்கா?"

என் கண்ணும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தூசி என்று நினைத்திருந்தேன்.

"பேருக்குத்தான் மேடம்" என்றேன்.

வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "லேப் பெரிய சார்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லாம? நாளைக்கு நீங்க விழுந்து கெடந்தா?"

அன்று முழுக்க வேலை போனவனாகவே திரிந்தேன். மாலையில் கூப்பிட்டார். வேண்டாம், இல்லை என்பதற்கெல்லாம் ஹைதராபாத்காரர்களைப் போல 'நக்கோ' என்றுதான் சொல்வார்.

"சார்கிட்ட பேசிட்டேன். காலைல தொறக்குற வேலை உங்களுக்கு நக்கோ. இனிமே எனக்கு தகடுகிட்ட பாட்டில் நீட்டுங்க. எதுல அம்மோனியா, எதுல வெறும் தண்ணின்னு நீட்டுறவங்களுக்குத் தெரியக் கூடாது. மத்தவங்களுக்கு மூக்கு காட்டிக் குடுத்துடுது. தெரிஞ்சா கை தானா தகடுக்கு இன்னும் கிட்ட போயிடுது, சோதனை தப்பாயிடுது. நீங்கதான் சரியான ஆளு."

வெளியே மழை. சின்னச் சின்ன பாட்டில்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். முதலில் கோடு படுத்தே கிடந்தது. அடுத்ததற்கு, தூங்குகிறவர் மார்பு மூச்சில் ஏறுவதுபோல மெல்ல எழுந்தது. விலக்கினேன், இறங்கியது. எத்தனையோ வருடம் கழித்து ஒரு வாசனை என் எதிரே வந்து நின்றது. கைகால் எல்லாம் லேசாகி, மிதப்பதுபோல் இருந்தது.

"மல்லிப்பூ நீட்டினா ஏறுமா மேடம்?"

"நக்கோ அண்ணா! இதுக்கு நாத்தம்தான் பிடிக்கும்" என்று சிரித்தார்.

பிறகு பல ஊர் மாறிவிட்டேன். மூக்கு திரும்பவில்லை. ஆனால் எங்கே வேலை கேட்டுப் போனாலும், எனக்கு வாசனை தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குறையோடுதான் நீங்கள் வேண்டும் என்று ஒருவர் ஒருமுறை சொன்னது, எந்த வாசலிலும் தலை நிமிர்ந்து நிற்க இன்றும் போதுமானதாக இருக்கிறது.