ரூபன் அண்ணையின் அலுவலகத்தில் இறங்கிய ராட்சத விமானம்

கொழும்பில் பிரிட்டிஷ் விசா மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒரு புகைப்படத்தின் பின்பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வசந்தி அக்காவைப் பொய்காரி ஆக்கினார். அதனால்தான் 1997 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நானும் அக்காவின் கணவர் ரூபன் அண்ணையும் லண்டனில் பழைய குரொய்டன் விமான நிலையத்துக்குப் போனோம். பழைய விமானங்களில் பைத்தியம் உள்ளவர்கள் அங்கே போவதுண்டு. நாங்கள் போனது சாட்சி தேடி.

கதை சின்னது. குரொய்டனுக்குப் பக்கத்து ஊரான சட்டனில் ஒரே அறையில் நாங்கள் இருவரும் இருந்தோம். எனக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். ரூபன் அண்ணைக்கு அந்த விமான நிலையக் கட்டடத்தில் காலை ஐந்தரைக்குத் துப்புரவு வேலை. 1959இல் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். கட்டடம் மட்டும் நிற்கிறது, உள்ளே வாடகை அலுவலகங்கள். அதன் உள் நடைபாதையில் 1930களில் அங்கு வந்த ஒரு ராட்சத ஜெர்மன் விமானத்தின் படம் தொங்குகிறது. அண்ணை அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து வசந்தி அக்காவுக்கு அனுப்பினார். ஊருக்கு அனுப்பும் படத்தின் பின்னால் ஏதாவது எழுதாமல் விடுவது எங்கள் ஆட்களுக்கு ஏலாது. அவர் எழுதியது: "இந்தப் பிளேன் வந்து இறங்கிற இடத்திலதான் எனக்கு வேலை."

அக்கா பெருமையோடு அதை விசா நேர்முகத்துக்குக் கொண்டுபோனார். மொழிபெயர்ப்பாளர் அதை வாசித்துச் சொல்ல, எந்த விமான நிலையம் என்று கேட்டார்கள்; குரொய்டன் என்றார் அக்கா. அப்படி ஒரு விமான நிலையமே இப்போது இல்லை, கணவரின் வேலை பற்றிய தகவல் பொய் என்று சொல்லி விசாவை மறுத்தார்கள். மேன்முறையீடு செய்யலாம், அவர் அந்தக் கட்டடத்தில்தான் வேலை செய்கிறார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார் வழக்கறிஞர்.

காலை 10.12க்கு சட்டனில் ரயில் ஏறினோம். வாடன் நிலையத்துக்குப் பத்து நிமிடம். போய்வர டிக்கெட் ஆளுக்கு ஒரு பவுண் தொண்ணூறு பென்ஸ். அண்ணை கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார்.

"ஏன் அண்ணை அப்பிடி எழுதினனீங்கள்?"

"பகிடிக்கு எழுதினது. கக்கூஸ் கழுவுறன் எண்டு எழுதச் சொல்லுறியோ?"

"பைலட் எண்டு எழுதாமல் விட்டியளே, அது பெரிய விசயம்."

"அதுக்குத் தொப்பி வேணும்" என்றார். கொஞ்ச நேரம் சிரித்தோம். 

நிலையத்தில் இருந்து பேர்லி வே என்ற பெருந்தெரு வழியாகத் தெற்கே முக்கால் மைல் நடை. வழி முழுக்க சோபா கடைகளும் கார்பெட் கடைகளும். லொறிகள் போகும் சத்தத்தில் பேச முடியாது. திடீரென்று வலப்பக்கம் வெள்ளைக் கட்டடம் ஒன்று, நடுவில் சதுரக் கோபுரம். வானொலியில் விமானிகளோடு பேசி அவர்களை இறக்கிய இடம் அந்தக் கோபுரம்தான். கட்டடத்துக்குப் பின்னால் விமானங்கள் ஓடிய புல்வெளியில் மிச்சம் இருப்பதில் ஆட்கள் நாயோடு நடக்கிறார்கள்.

உள்ளே போய் அந்தப் படத்தின் முன்னால் நான் நினைத்ததை விட அதிக நேரம் நின்றுவிட்டேன். விமானத்தின் பெயர் ஜி-38. நான்கு எஞ்சின்கள். இறக்கையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்கு நாற்பத்து நான்கு மீட்டர். பக்கத்தில் நிற்கும் மனிதர்கள் தீக்குச்சி போல இருக்கிறார்கள்.

"இறக்கையின்ர முன்பக்கத்தைப் பார்" என்றார் அண்ணை. "கண்ணாடி தெரியுதோ? அதுக்குள்ள ஆக்கள் இருந்து போறவை. முன்னால வாற வானத்தைப் பாத்துக்கொண்டு. எஞ்சின் பிழைச்சால் மெக்கானிக் இறக்கைக்குள்ளால நடந்து போய்ப் பாப்பாராம்."

இரண்டே இரண்டுதான் செய்தார்கள். ஒன்று சோதனைப் பறப்பில் நொறுங்கியது, மற்றது போரில் குண்டு விழுந்து அழிந்தது. அதில் ஏறியவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் என்பது எனக்குத் தெரியும். என் முதல் பறப்பு மாஸ்கோ வழியாக, முழங்கால் முன் இருக்கையில் இடிக்க, யாரோ இழுத்து மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில். இருந்தும் நான் பார்க்காத அந்தக் காலத்துக்காக மனம் ஏங்கியது. பறப்பது என்றால் முன்னால் பார்ப்பது என்று யாரோ ஒருவர் நினைத்து, அதற்காக இறக்கையில் கண்ணாடி வைத்திருக்கிறார். படச் சட்டத்தின் கண்ணாடியில் நான் விரல் வைத்த இடத்தை அண்ணை கோட்டுக் கையால் துடைத்தார். அன்று அவருக்கு லீவு.

கட்டடக் காப்பாளர் ஜோர்ஜ் தேநீர்க் கோப்பையோடு வந்தார். விசயத்தைச் சொன்னோம். இங்கே வேலை செய்கிறார் என்று எழுதித் தர முடியாது என்றார்: "ரூபன் எங்கள் ஆள் இல்லை. கிளீனிங் கம்பெனி ஆள்." கம்பெனியோ ஸ்ட்ரெத்தமில் இருக்கிறது. அவர்களுடைய சம்பளத் துண்டில் எந்தக் கட்டடத்தின் பெயரும் கிடையாது. மூன்று வருடம் ஒரு கட்டடத்தைக் கழுவிய மனிதன் அதில் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் கத்தத் தொடங்கினேன்.

"நீ சும்மா இரு" என்றார் அண்ணை. பிறகு ஜோர்ஜிடம் தன் உடைந்த ஆங்கிலத்தில், "திறப்புப் புத்தகம்?" என்று கேட்டார்.

துப்புரவு ஆட்கள் காலையில் கதவுகளைத் திறக்கத் திறப்பு வாங்கும்போது நேரம் எழுதிக் கையெழுத்து வைக்கும் கொப்பி அது. ஜோர்ஜ் கோப்பையைக் கீழே வைத்தார். அலுமாரியில் இருந்து நான்கு கொப்பிகள் வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் கட்டடத்தின் பெயர் அச்சடித்திருந்தது. அதன் கீழே 5.30, 5.25, 5.30. ஒவ்வொரு நேரத்துக்கும் நேரே தமிழில் ரூபன், ரூபன், ரூபன்.

"இது என்ன எழுத்து என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன்" என்றார் ஜோர்ஜ். போட்டோகொப்பி மெஷினில் ஒரு மணி நேரம் நின்று நூற்றுப் பதினாறு பக்கம் எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. 1.40க்கு வெளியே வந்தோம். அண்ணை அந்தக் காகிதக் கட்டைத் தன் கோட்டுக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நீங்கள் போவதானால்: வார நாளில் போங்கள், வரவேற்பில் கேட்டால் படத்தைக் காட்டுவார்கள். வாடன் நிலையத்தைச் சுற்றி நல்ல சாப்பாடு இல்லை, பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். விமானத்தைத் தேடாதீர்கள், காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் படத்தில் பகிடி எழுத வேண்டாம். எங்கள் பகிடி மொழிபெயர்ப்பில் குற்றமாகிவிடுகிறது.

இதை 1999 ஜூனில் எழுதுகிறேன். மேன்முறையீட்டில் போன ஒக்டோபரில் வென்றோம். அந்தக் கையெழுத்துகளை ஏற்றுக்கொள்வதாகத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. ஆனாலும் வசந்தி அக்கா இன்னும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறார். விசா பரிசீலனையில் உள்ளது என்கிறார்கள் விசா அலுவலகத்தில். அண்ணைக்காக அவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் நான்தான் எழுதுகிறேன். ஏழு போய்விட்டது. எட்டாவதை இங்கே எழுதுகிறேன், அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கும் ஒருவராவது இருப்பார்: தீர்ப்பின் பிரதி உங்கள் கையில் இருக்கிறது. வசந்தி எப்போது விமானம் ஏறலாம்? திகதியைச் சொல்லுங்கள்.