வேட்டுக்குக் காத்திருந்தவர்

என் அண்ணன்கள் இருவரும் வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பியவர்கள். பெரியவர் சிறு வயதிலிருந்தே பாத்திர மூடி கீழே விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டு எழுவார். சின்னவர், தோல் கிடங்கின் கூரை பக்கத்திலேயே சரிந்தபோதும் கண் இமைக்காதவர். இருவரும் போனபடியே வந்துவிட்டார்கள் என்றுதான் வாணியம்பாடியில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் எங்கள் கவலையெல்லாம் பெரியவரைப் பற்றித்தான். தைரியசாலிக்காக யார் கவலைப்படுவார்கள்?

அந்த வருடம் முதல் நோன்பன்று, நோன்பு திறக்கும் நேரத்தில் வழக்கமாகப் போடும் வேட்டு வேண்டாமென்று அத்தா பள்ளிவாசலில் சொல்லிவிட்டு வந்தார். பாங்கு மட்டும் கேட்டது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டோம். சின்னவர் பழத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“இன்னாடா, சாப்பிடு” என்றார் அத்தா.

“வேட்டு இன்னும் போடலயே.”

“இன்னைக்கு இல்லடா. உங்க அண்ணன் பயப்படுவான்னு வேணாம்னுட்டேன்.”

சின்னவர் பள்ளிவாசல் இருந்த திசையையே பார்த்தார். பெரியவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“எனக்குச் சத்தம் கேட்டாத்தான் பேஜாரு, அத்தா. குண்டு விழறதுக்கு முன்னாடி எல்லாம் கம்முனு இருக்குமே, அதுதான் இவனுக்கு ஆவாது.”

சொல்லிவிட்டு அவரே பள்ளிவாசலுக்கு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் வேட்டு வெடித்தது. சின்னவர் பெருமூச்சு விட்டுப் பழத்தைக் கடித்தார். பெரியவர் உடம்பெல்லாம் உதறத் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே என்னைக் கேட்டார்:

“சாப்ட்டானா?”